நான் நீக்கிய சோதனை

பெங்களூரிலுள்ள ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தென்காசியில் என் வீட்டு மாடியிலிருந்து வேலை பார்க்கிறேன். ஒரே பெரிய சிப்பாக இருந்த பிராசஸரை நான்கு சிறு சிப்புகளாகப் பிரித்து இணைப்பது எங்கள் திட்டம். சிறு சிப்பில் பழுது குறைவு, செலவும் குறைவு. ஆனால் பக்கத்துச் சிப்பிடமிருந்து தரவை வாங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் எவ்வளவு பாதிக்கும் என்று அளந்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு.

சோதனை நிரல்களை எழுதியவள் சிவகிரிக்காரி. எனக்கு இளையவள், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய ஒரு சோதனையில் நான்கு சிப்புகளும் ஒரே தரவுக்காக மாறி மாறி அலைந்தன. அதில் மட்டும் புதிய வடிவம் பழையதைவிட மெதுவாக ஓடியது. அறிக்கையில் அந்தச் சோதனைக்கான வரியை நீக்கிவிட்டு அனுப்பினேன்.

அன்றே போனில் கேட்டாள். "அண்ணே, ஒரு டெஸ்ட்டக் காங்கலையே?"

"அது எப்பவாச்சும் வருத கேஸும்மா. போட்டா குழப்பம்தான்."

சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளரின் நிரல் சரியாக அந்த இடத்திலேயே திணறியது. இது ஏன் அறிக்கையில் வரவில்லை என்று காணொளிக் கூட்டத்தில் இயக்குநர் என்னைக் கேட்டார். "அப்போ அந்த டெஸ்ட் ரெடியாகல சார்" என்றேன். அவள் முகம் திரையில் இருந்தது. மைக்கைத் திறக்கவே இல்லை. அதன்பிறகு போனும் இல்லை.

சாரல் தொடங்கிய ஒரு ஞாயிறு காலை, ஐந்தருவியில் தற்செயலாக அவளைப் பார்த்தேன். அம்மாவோடு வந்திருந்தாள். நழுவப் பார்த்தேன், அவளே அறிமுகம் செய்துவைத்தாள்.

அந்த அம்மா ஈரத்துண்டோடு கும்பிட்டார். "நீங்கதானா தம்பி? நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு இருக்காரு, தைரியமா இருக்குன்னு எப்பவும் சொல்லுவா."

அவள் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடந்ததை வீட்டில் சொல்லவில்லை போலும். தலையை ஆட்டிவிட்டுக் குளிக்காமலே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் இயக்குநருக்கு உள்ளதை எழுதி, அவளுக்கும் நகல் வைத்தேன். திங்களன்று இயக்குநர் என்னைக் கண்டித்தார். இனி என் அறிக்கைகளை அவள் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்றார். சிப்புகளுக்கு இடையிலான இணைப்பையும் அகலமாக்கினார்கள்.

மறுநாள் அவள் போன் செய்தாள். "எழுதினது சரிதான் சார். அன்னைக்கு மீட்டிங்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கணும்" என்றேன்.

இப்போதும் என் அறிக்கைகளைத் திருத்தி அனுப்புகிறாள். 'அண்ணே' மட்டும் 'சார்' ஆகிவிட்டது.