ஸம்ஸியாவின் ஏழு குடில்கள்

கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேறும் நாட்களில் கல்முனைக்குடிக் கடற்கரையே ஒரு ஊராகிவிடும். பக்கத்து வெளியில் கார்னிவல் வந்திறங்கும். ராட்டினம், மரணக் கிணறு, வளையல் கடைகள். இறக்காமம் பக்கமிருந்து உழவு மிசின் பெட்டியில் குடும்பத்தோடு வருபவர்கள் இரவில் அந்தப் பெட்டிக்கடியிலேயே படுத்துறங்குவார்கள். அதைக் காணப் பொறுக்காமல்தான் ஸம்ஸியா, கணவன் பளீலைக் கொண்டு தன் தென்னந்தோட்டத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஏழு குடில்கள் போடுவித்தாள். பாய், தண்ணீர்க் குடம், வாசலில் மூன்று கல் அடுப்பு, அவ்வளவுதான். குடில்களுக்கு இலக்கமில்லை. 'ராட்டினம் தெரியிற குடில்', 'கிணத்தடிக் குடில்' என்றுதான் கேட்டு வருவார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு, கந்தூரிச் சோறு கொடுக்கும் நாளுக்கு முதல்நாள், இறக்காமத்திலிருந்து ஸகியாவும் சுல்பிகாவும் பிள்ளைகளோடு தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். கூடப்பிறந்தவர்கள். உம்மாவின் வீடு யாருக்கு என்ற பேச்சில் ஒன்பது வருடமாக ஒருவரோடொருவர் கதையில்லை. இது ஸம்ஸியாவுக்குத் தெரியும். அப்போது இரண்டு குடில்கள் மிச்சமிருந்தன. அவள் சத்தமில்லாமல் தன் ஆட்டைப் பிடித்து ஒன்றுக்குள் கட்டி, படலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒரு குடில்தான் இரிக்கி. சேர்ந்து இரிங்க, இல்லாட்டி ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க."

பிள்ளைகள் அதற்குள் பாயை விரித்துவிட்டார்கள்.

பின்னேரம் அதே பிள்ளைகள்தான் இருவரையும் ராட்டினத்துக்கு இழுத்துப் போனார்கள். பெரியவர்கள் இருவருக்கும் ஒரே பெட்டி. அது உச்சியில் போய் நின்றபோது சுல்பிகா, "ராத்தா" என்று அக்காவின் கையைப் பிடித்தாள். இறங்கிய பிறகும் விடவில்லை.

மறுநாள் காலை ஸம்ஸியா தேத்தண்ணியோடு போனாள்.

"நித்திரை வந்ததா கா?"

"எங்க வந்த? விடிய விடியக் கதை. பக்கத்துக் குடிலுக்குள்ள உங்கட ஆடும் கத்திக்கிட்டே இரிந்த" என்றாள் ஸகியா. ஸம்ஸியா தலை குனிந்துகொண்டாள். சகோதரிகள் இருவரும் சிரித்தார்கள்.

அந்த நவம்பரில் சூறாவளி அடித்தது. அறுபது தென்னையில் நாலுதான் நின்றன. குடில்கள் போன இடமே தெரியவில்லை. ஸம்ஸியா பல நாட்கள் தோட்டத்துப் பக்கம் போகவேயில்லை.

அடுத்த வருடம் கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பு, ஒரு உழவு மிசின் நிறையக் கம்பும் கூரை வேயும் இலுக்குப் புல்லுமாக அந்தச் சகோதரிகளின் கணவன்மார் வந்தார்கள்.

"கிடுகு இந்தக் கரையில கிடைக்காதெண்டு தெரியும். எங்கட பக்கம் புல்லு கிடக்கு" என்றார் ஸகியாவின் கணவர் ஷரிபுதீன். பளீலோடு சேர்ந்து மூன்று நாளில் ஐந்து குடில்கள் கட்டினார்கள். புதுப் புல்லின் வாசம் அந்த வருடம் முழுக்கத் தோட்டத்தில் இருந்தது.

எண்பத்தைந்தில் கலவரத்தில் நாடு குழம்பியது. தூரத்துக் குடும்பங்கள் வருவது நின்றது; கார்னிவலும் வரவில்லை. ஸம்ஸியா குடில்களைப் பிரித்துவிட்டுத் தென்னம்பிள்ளை நட்டாள்.

இரண்டு வருடம் கழித்து சுல்பிகாவின் மகளுக்குக் கல்யாணம். ஒரு நாளைக்கென்று இறக்காமம் போன ஸம்ஸியாவை அவர்கள் நாலு நாள் விடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சுல்பிகா அவளைக் காட்டி, "எங்கட கடற்கரை ராத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.