கரும்பலகைக்கு அந்தப் பக்கம்

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. உயர்தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். கடிதம் எழுதினாலே கை கூசும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத வைத்தது ஈரச் சீமெந்து வாசம். கற்பிட்டிப் பாதையிலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்தின் நீள மண்டபத்தில் போன வாரம் வகுப்புகளுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். அதுவரை காலூன்றிய கரும்பலகைகள்தான் எல்லை. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் மண்டபம் முழுவதும் அதைப் படிக்கும்.

நான் அங்கே தொண்டராசிரியையாகச் சேர்ந்தபோது, பலகைக்கு அந்தப் பக்கம் பரீதா டீச்சர் படிப்பித்தார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். அவர் குரல் களப்புக் காற்றையே அடக்கிவிடும். எனக்கோ கூச்சம். என் வகுப்பு அமைதியானால் எனக்குப் பாடம் தெரியாதென்று அவர் நினைப்பாரோ என்ற பயத்தில் பேசிக்கொண்டே இருப்பேன். ஒரு கூச்சக்காரி ஓயாமல் பேசியதன் இரகசியம் இதுதான்.

ஒருநாள் இடைவேளையில், பாணுக்குள் சம்பலை வைத்தபடி கேட்டார்: "கேள்வியும் நீங்க, மறுமொழியும் நீங்க. புள்ளைகள் என்னத்துக்கு, குந்தியிருக்கிற வாங்குக்குக் காவலா?"

சிரித்தேன், உள்ளே சுட்டது. ஸஹ்ரா நினைவுக்கு வந்தாள். என் மூன்றாம் வகுப்பில் அவள் வாய் திறந்ததே இல்லை. "இன்னொரு வருசம் இதே வகுப்பில வச்சிருங்க டீச்சர்" என்று அவளின் உம்மா கேட்டிருந்தார். சரி என்று சொல்லும் எண்ணத்தில்தான் இருந்தேன். அதைப் பரீதா டீச்சரிடம் சொன்னேன்.

"வாயில்லாத புள்ளையா?"

"இல்ல. வெளியில நல்லாக் கதைக்கிறா."

"அப்ப நீங்கதான் இடம் குடுக்கல்ல போல. இனிக் கேள்வி கேட்டா, நான் பலகையில தட்டுற வரைக்கும் வாய் தொறக்கப்படாது. நான் புள்ளைகளுக்குக் கத்தினா நீங்க இருமுங்க."

தொண்டைக்கு என்ன வருத்தம் என்று பள்ளிக்கூட அதிபர் விசாரிக்கும் அளவுக்கு இருமினேன்.

அந்த வாரமே சுற்றாடல் பாடத்தில் கேட்டேன்: "மழை வந்தா யாருக்குச் சந்தோசம்?" விவசாயிக்கு என்பதுதான் நான் வைத்திருந்த விடை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். தட்டுச் சத்தம் வரவில்லை. பக்கத்து வகுப்பும் ஏனோ அடங்கிப்போனது. கடைசி வாங்கிலிருந்து ஸஹ்ராவின் குரல் வந்தது.

"எங்கட வாப்பாக்கு இல்ல டீச்சர். உப்பு கரைஞ்சிரும்."

அவளின் வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. யாருக்குச் சந்தோசமில்லை என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. "கருவாடு காயப்போட்டவங்களுக்கும் இல்ல!" என்றான் ஒருவன். வகுப்பே பேசக் கிளம்பிவிட்டது.

பலகைக்கு மேலால் பரீதா டீச்சரின் தலை எட்டிப் பார்த்தது. "தட்ட மறந்துட்டன். யாரு என்ன சொல்லப் போறாங்கன்னு நானும் கேட்டுட்டு நின்டுட்டன்."

யார் யாருக்குப் படிப்பித்தோம் என்று இன்றும் யோசிக்கிறேன். இப்போது மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, எங்கள் வகுப்புகளைப் பற்றிக் கதைக்கிறோம். நல்ல விசயம்தான். ஆனால் அங்கே அவரவருக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? எனக்கே கேட்காத என் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்த காது இப்போது இல்லை. பரீதா டீச்சர் ஓய்வு பெற்று மன்னாருக்கே போய்விட்டார்.

மழைக் கேள்வி கேட்ட மறுநாள் ஸஹ்ராவின் உம்மா வந்தார். நாலாம் வகுப்புக்குப் போகட்டும் என்றேன்.