பனியில் கழுவிய வண்டி

இரண்டே இரண்டு பேர் உட்காரும் வண்டியில் பாலகுருவுக்குப் பக்கத்து இருக்கையில் வந்தவை பனிச்சறுக்குப் பலகைகள். கால் வைக்கும் இடத்தில் ஊன்றி, இருக்கைமேல் சாய்த்து, பின்கண்ணாடி வரைக்கும் நீட்டி வைத்திருந்தார். பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி விடாமல் கத்தும் என்பதால் பலகைகளுக்கும் பெல்ட் போட்டாயிற்று. வளைவுகளில் அவற்றின் முனை அவர் காதை உரசியது. துபாயிலிருந்து சவூதியின் வடமேற்கு மூலையில் இருக்கிற தபூக் வரைக்கும், பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பேச்சுத்துணைக்கு அவைதான்.

வண்டி அவருடையது இல்லை என்று சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் பங்குகளில் அந்த ஆரஞ்சு நிற வண்டியைப் பார்த்துப் படம் எடுக்க ஓடி வந்தவர்கள், உள்ளேயிருந்து கையைத் தரையில் ஊன்றி, கிணற்றிலிருந்து ஏறுகிறவரைப் போல முனகிக்கொண்டு எழுந்த ஆளைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “அர்பாப் எங்கே?” முதலாளி எங்கே என்று அர்த்தம். அர்பாப் விமானத்தில் வருவார் என்று பாலகுருவும் சலிக்காமல் பதில் சொன்னார். சலிப்பெல்லாம் முதுகில்தான் இருந்தது.

அர்பாப் என்பது ஹுமைத். பாலகுரு சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து அந்த வீட்டில் டிரைவராகச் சேர்ந்தபோது அவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கு அவனைக் கொண்டுபோய் விட்டதும், பின்சீட்டில் அவன் வாந்தி எடுத்தால் துடைத்ததும், பிறகு அவனுக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். இப்போது மீசை தாடியெல்லாம் திருத்தி, பந்தய வண்டி வாங்கி நிறுத்தியிருக்கிறான். தபூக்குக்கு மேலே இருக்கிற மலையில் சில வருடம் தை மாதம் வாக்கில் பனி விழும். விழுந்த சேதி வந்ததும் வளைகுடாப் பையன்கள் ஜீப்பும் கூடாரமுமாகக் கிளம்பிவிடுவார்கள். “உன் வண்டி அந்த மலை ஏறாது” என்று ஹுமைதின் சிநேகிதன் ஒருவன் சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பாலகுருவின் இடுப்பு இப்படி ஒடிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பதிலாகக் கேட்க அவருக்கும் ஒன்று இருந்தது. ஊருக்குப் போக வேண்டும். லீவில் இல்லை, விசாவைக் கேன்சல் செய்துவிட்டு, ஒரேயடியாக. ஹுமைதின் தந்தை இருந்த காலத்திலேயே கேட்டார். “பையன் லைசென்ஸ் எடுக்கட்டும், அப்புறம்” என்றார் பெரியவர். அவர் போன பிறகு வீட்டம்மாவிடம் கேட்டார். நோன்பு முடியட்டும் என்றாள். ஹுமைதிடம் கேட்டபோது, “இந்தக் குளிர்காலம் போகட்டும் பாலா, அப்புறம் பார்ப்போம்” என்றான். முடியாது என்று சொல்கிற வீட்டிலிருந்து சண்டை போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அப்புறம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, பெருநாளுக்குப் பிரியாணித் தட்டை முதலில் நம் கையில் கொடுக்கிற வீட்டிலிருந்து எப்படி வருவது? பாலகுருவுக்கு அந்த வித்தை தெரியவில்லை.

ஊரில் விஜி எப்போது வருவீர்கள் என்று கேட்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. முன்பு கேட்பாள், அழுவாள், போனை வைத்துவிடுவாள். இப்போது மழை பெய்ததா, மகள் சங்கீதா கல்லூரிக்குப் போனாளா என்று மட்டும் பேசுகிறாள். அவள் கேட்காமல் விட்டதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் போய் இறங்கும்போது தான் யாருக்கும் தேவைப்பட மாட்டோம் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் வண்டியைப் பனிக்குத் தயார் செய்தது துபாய் சத்வாவில் டயர்க்கடை வைத்திருக்கும் முகம்மது ரிபாய். கீழக்கரைக்காரர்.

“அண்ணே, ரேடியேட்டர்ல நம்ம இஷ்டத்துக்கு வெறும் தண்ணிய ஊத்தி வச்சியன்னா அங்கன ஒறைஞ்சு எஞ்சின் பொளந்துரும். மருந்து கலந்துதான் ஊத்தணும்” என்றார். “கண்ணாடி கழுவுற தண்ணியும் அப்படித்தான். டயரு இந்த மெது ரப்பரு போட்டாத்தான் ஐஸ்ல புடிக்கும். மேட்டுல ஆக்ஸிலேட்டர அமுக்கிறாதிய, வழுக்கிட்டு வரும்.”

எல்லாவற்றையும் மாற்றினார்கள். ரிபாய் ஒன்றையும் விடவில்லை. விட்டது ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்காது.

வளைகுடாவில் வீட்டு டிரைவராக இருப்பவனுக்கு விடிந்ததும் முதல் வேலை வண்டி கழுவுவது. அழுக்கு வண்டி தெருவில் நின்றால் நகராட்சி அபராதம் போடும் என்பது ஒரு பக்கம். ஹுமைதின் தந்தைக்கு அதைவிடக் கடுமையான சட்டம் ஒன்று இருந்தது. விடியல் தொழுகை முடித்து அவர் வெளியே வரும்போது வண்டியில் தண்ணீர் சொட்ட வேண்டும். காய்ச்சலில் படுத்தபோதுகூட பாலகுரு அதைத் தவறவிட்டதில்லை. பல் விளக்குவது மாதிரி, யோசிக்காமல் கை செய்கிற வேலை அது.

மலையடிவாரத்துக் கூடாரங்களுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் நிறமே தெரியவில்லை. பாலைவனத்து மணலும் மலைப்பாதையின் சேறும் அப்பியிருந்தன. பெரிய பெரிய ஜீப்புகளோடு வந்திருந்த சிநேகிதர்கள், “ஒட்டகமா ஹுமைத் இது?” என்று கேட்டுச் சிரித்தார்கள். விமானத்தில் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்ட ஹுமைதும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. மறுநாள் காலையில் அவன் பந்தய வண்டியைப் பனியில் ஓட்டிக்கொண்டு போவதை அத்தனை பேரும் படம் எடுப்பதாக ஏற்பாடு. அந்தக் காதைப் பாலகுரு பார்த்துவிட்டார்.

விடிவதற்கு முன்னால் எழுந்தார். பல் கிட்டியது. சமையல் கூடாரத்தில் வெந்நீர் வாங்கி, வாளி வாளியாக ஊற்றினார். கதவு இடுக்கில் மணல் இருந்தால் பையனுக்குப் பிடிக்காது என்று அங்கேயும் ஊற்றினார். சக்கரங்களுக்கு இரண்டு வாளி கூடுதல். துடைக்கும்போது துணி கையிலேயே அப்பளம் மாதிரி விறைத்தது. குளிர்தானே, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். வெளிச்சம் வந்தபோது வண்டிமேல் கண்ணாடி ஊற்றினது போல ஒரு பாளம் இறுகியிருந்தது. ஹுமைத் பனிக்கான உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு வந்தான். சிநேகிதர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கதவு திறக்கவில்லை. இழுத்தான். இன்னும் ஓங்கி இழுத்தான். கைப்பிடி கையோடு வந்தது. இரண்டு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். பிரேக்கும் சக்கரமும் ஒன்றாக உறைந்து ஒட்டிக்கிடந்தன. ஒருவன் சிரிப்பு தாங்காமல் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் படமாகிக்கொண்டிருந்தது.

“தண்ணி ஊத்தினியா?” என்றான் ஹுமைத்.

“கழுவினேன் அர்பாப்.”

“இங்கயா? இந்தக் குளிர்லயா?” அவன் குரல் உடைந்தது. “போதும் பாலா. கலாஸ்! உன் ஊருக்குப் போ. எனக்கு நீ வேண்டாம்.”

கைப்பிடியைத் தூக்கி எறிந்துவிட்டு யாருடைய ஜீப்பிலோ பின்சீட்டில் ஏறிப் போனான். பாலகுரு அங்கேயே நின்றார். அவமானமாக இருந்தது. இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. ஆனால் அதற்கு அடியில், வெட்கப்படாமல் சொல்வதென்றால், சந்தோஷமாகவும் இருந்தது. கலாஸ், முடிந்தது என்ற சொல்லுக்காக எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கேட்டிருப்பார். கேட்டபோது கிடைக்காதது, கேட்காதபோது முகத்தில் வந்து விழுந்திருந்தது.

வெயில் ஏறியதும் பாளம் தானாக உருகி ஓடியது. கைப்பிடி போன ஓட்டையில் விரலை விட்டு இழுத்ததும் கதவு திறந்தது. எஞ்சின் முதல் தட்டிலேயே கிளம்பியது. கைப்பிடியைத் தேடி எடுத்து டேஷ்போர்டுக்குள் வைத்தார்.

பொழுது சாயும்போது ஹுமைத் திரும்பி வந்தான். மூக்கு வெயிலில் கறுத்திருந்தது. இரண்டு கையிலும் பால் விடாத சுலைமானித் தேநீர்க் கோப்பைகள்.

“கோவத்துல சொல்லிட்டேன்” என்றான். அவர்களுடைய பேச்சு அரபியும் இந்தியும் கலந்து, அந்த வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாவது. “மாஃபி முஷ்கில். ஒரு பிரச்சினையும் இல்ல, மறந்துரு. அடுத்த வருஷம் வண்டிய ஜார்ஜியாவுக்குக் கப்பல்ல அனுப்பப் போறேன். நீதான் கூட வரணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

பாலகுருவுக்குக் காலையில் வாங்கிய வசவைவிட இந்த மன்னிப்புதான் நடுக்கத்தைக் கொடுத்தது. தேநீரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“காலையில சொன்னதை மறக்க மாட்டேன் அர்பாப். நீயும் மறக்காத.”

“அதான் கோவத்துலன்னு சொல்றேன்ல?”

“அத்தனை சிநேகிதங்க முன்னாடி சொன்ன. உன் வாப்பா ஒரு வார்த்தை சொன்னா திருப்பி வாங்க மாட்டாரு. நீயும் வாங்காத.”

ஹுமைத் அவரையே பார்த்தான். “என்மேல அவ்வளவு கோவமா?”

“கோவம் இல்ல ஹுமைது. களைச்சுப்போனேன்.”

பெயர் சொல்லி அவர் அவனைக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஹுமைத் தலையைக் குனிந்துகொண்டான். பள்ளி வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாமல் நிற்பானே, அந்த முகம். பாலகுரு, வாய் தவறி, சரி வருகிறேன் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து தேநீரை மடமடவென்று குடித்தார்.

“வண்டிய துபாய்க்கு யாரு கொண்டுபோவா?” என்றான் ஹுமைத் கடைசியில்.

“நான் கொண்டுவந்து நிறுத்திட்டுத்தான் போவேன்.”

“தைய்யிப்” என்றான். சரி என்றுதான் அதற்கு அர்த்தம். எழுந்து போகாமல், இருட்டும் வரைக்கும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அவன் போன பிறகு பாலகுரு, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று விஜிக்குப் போன் போட்டார்.

“வேலை முடிஞ்சிருச்சு. ஊருக்கு வர்றேன்.”

“எத்தன நாளு லீவு?” என்றாள் விஜி.

“லீவு இல்ல விஜி. கேன்சல் பண்ணிட்டு வர்றேன். இனிமே அங்கதான்.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“அலோ? கேக்குதா?”

“கேக்குது” என்றாள். “வீட்டுல கட்டிலு ஒண்ணுதானே கெடக்கு. அதுல சங்கீதா படுக்குறா” என்றாள்.

“அதுக்கென்ன. எப்பவும் போல நான் கீழ படுத்துக்கிறேன்.”

“ஒரு மாசம்னா கீழ படுக்கலாம்ங்க. எப்பவும்னா எப்புடி?” என்றாள் விஜி. “நாளைக்கே ஆசாரிகிட்டச் சொல்லிவிடுறேன்.”