சுவரைப் பற்றி அவள் சொன்னது

திண்டிவனத்து வீட்டை நான் வேண்டாம் என்றது சுவருக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா? இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குத் திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேலை. காலையில் பஸ் பிடித்துப் போய், பொழுது சாயத் திரும்புவார். வீட்டுக்காரர் தம் மகள் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி, ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். மறுபடியும் ஒரு வாடகை வீடா, சொந்தமாகவே ஒன்றைப் பார்த்துவிடலாம் என்றார் கணவர். எங்கள் மகனுக்கு மூன்று வயது. ஈரக்காற்று பட்டாலே அவனுக்கு இழுப்பு வந்துவிடும்.

வீடு வாங்கப் போகிறோம் என்றதும் ஆளுக்கொரு கேள்வி கொடுத்தார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா, மூலப்பத்திரம் கொடுப்பார்களா என்று அப்பா இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். மாமியார், வாசல் எந்தத் திசை என்று மட்டும் கேட்டார். கிணறு கோடையில் வற்றுமா என்று கேட்கச் சொன்னாள் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். எழுதியபின் ஒன்று தோன்றியது. பத்திரத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்கிறது. மழை பெய்தால் வீடு எப்படி இருக்கும் என்று எந்த ஆபீசில் கேட்பது? அங்கே குடியிருப்பவரைத்தான் கேட்க வேண்டும். வீடு விற்றுப்போனால் வெளியே போக வேண்டியவரும் அவர்தான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் எங்களை அழைத்துப் போனார். வீட்டின் சொந்தக்காரர் மெட்ராசில் இருந்தார். ரைஸ் மில்லில் வேலை செய்யும் ஒருவர், மனைவியோடும் பெண் குழந்தையோடும் அங்கே குடியிருந்தார். கணவரும் புரோக்கரும் கிணற்றடிக்குப் போக, நான் அந்தப் பெண்ணோடு உள்ளே நின்றேன். என் மகனுக்கு அவள் ஒரு தட்டில் வேகவைத்த மல்லாட்டை கொடுத்தாள், அவன் ஓட்டை உடைத்துக் கடலையைத் தின்றான். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பின்னறைதான் பெரியது, ஜன்னல் வழியே காற்று கொட்டியது. மகனுக்குக் கட்டில் எங்கே போடலாம் என்று மனசுக்குள் இடம் பார்த்துவிட்டேன். பிறகுதான் நோட்டின் நினைவு வந்து, மழையில் இந்த அறை எப்படி என்று கேட்டேன்.

அவள் கிணற்றுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெயில் காலத்துல பாத்தா ஒண்ணும் தெரியாதுக்கா. ஐப்பசி பொறந்துட்டா அந்தச் செவுரு ஓதம் ஏறிக்கினே இருக்கும். புள்ளைய அங்க படுக்க வெச்சிடாதீங்க."

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்த சுண்ணாம்புதான் ஒட்டியது.

"வாங்கினா நீங்களே குடி வந்துடுவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆடிக்கு முன்னால் வந்துவிடுவோம் என்றேன்.

"இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கெடைக்கறது பேஜாருக்கா," என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் நான் இதையேதான் சொல்லியிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது புரோக்கரும் கூட இருந்தார். "காலி பண்ணணும்னா எந்த வீட்டுச் செவுருதான் சார் ஓதம் ஏறாது? போன வாரம் வந்தவங்க கிட்ட அந்தப் பொண்ணு கூரை ஒழுகுதுன்னிச்சு," என்று சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. பஸ் ஏறியபின், ஓதம் ஏறும் சுவரில் யாராவது அரிசி மூட்டையைச் சாத்தி வைப்பார்களா என்று கேட்டார். பின்னறைச் சுவரோரம் இருந்த மூட்டையை நானும் பார்த்திருந்தேன். ஆனால் பாய் தலையணையெல்லாம் முன்னறையில் சுருட்டி வைத்திருந்ததையும் பார்த்திருந்தேன். காற்று வரும் பெரிய அறையை விட்டுவிட்டு, மூன்று பேரும் ஏன் அந்தச் சின்ன அறையில் படுக்கிறார்கள் என்றேன். 

"நீதான் நாள் முழுக்க வீட்டுல இருக்கப்போற. நீயே சொல்லு," என்றார்.

பி.யு.சி. வரை படித்தவள் நான். ஆனாலும் என்ன படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது என்பதையெல்லாம் பெரியவர்கள்தான் முடிவு செய்தார்கள். முதல் தடவையாக ஒரு முடிவு என் கைக்கு வந்தது. ஒரு வாரம் யோசித்தேன். சில நாள் அந்தச் சுவர் கண்முன் நிற்கும், சில நாள் அந்தப் பெண்ணின் முகம். கடைசியில் வேண்டாம் என்றேன். சுவர்தான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். விழுப்புரத்திலேயே இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனோம். இன்றும் அவர் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கும்போது, நான் அவருக்குச் செய்தது நியாயமா என்று மனசு கேட்கிறது.

போன கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தேன். நல்ல மழை. குடையோடு அந்தத் தெருமுனை வரை போய்விட்டேன். வீடு இன்னும் விற்கவில்லை என்று கல்யாணத்தில் சொன்னார்கள். சுவர் கெட்டது என்பதால் விற்கவில்லையா, வருகிறவர்களிடமெல்லாம் அவள் அப்படிச் சொல்வதால் விற்கவில்லையா? உள்ளே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சுவர் காய்ந்திருந்தால் அவளை என்ன கேட்பேன் என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

இப்போது விழுப்புரத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அதிலும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. போன வாரம் நான் கேட்டபோது, அந்த அம்மா, "எல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார். சொந்தக்காரர் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சித்திரை பிறந்ததும் முன்பணம் கொடுக்க வேண்டும். மழை வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். மகனுக்கு இழுப்பு இன்னும் விடவில்லை.

ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த அம்மாவைத் தனியாகப் பார்த்து இன்னொரு தரம் கேட்கலாமா? கேட்டால், அவர் சொல்வதில் எதை நம்புவது? வீட்டை விட்டுப் போகப்போகிறவரிடம் அப்படிக் கேட்பது சரிதானா?