அடுப்பில் பால்

ஓசூர் வீட்டில் என் மகள் பன்னீர் செய்துகொண்டிருந்தாள். கொதிக்கிற பாலில் வினிகரை ஊற்றினாள். பால் திரிந்து அந்தப் புளிப்பு நெடி எழுந்ததும் நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

காவேரிப்பட்டணத்தில் ஆற்றை ஒட்டியிருந்த வினிகர் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் கழித்த பழத்தைப் பீப்பாய்களில் புளிக்க வைத்து வினிகராக்குவார்கள். ஆற்றில் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் நெடி அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்.

"ஏங்க, அங்கயே நில்லுங்க. அடுப்புல பால் இருக்குது" என்பாள் அம்மா.

மாடு கறந்து பால் ஊற்றுகிற வீடு எங்களுடையது. அவர் மேல் பட்ட காற்றே பாலைத் திரித்துவிடும் என்று தெருவே நம்பியது. கோடையில் பால் தானாகத் திரிந்தாலும் பழி அவருக்குத்தான். அவருக்குச் சோறு வாசற்படியில்.

ஆறு வற்றியதும் கம்பெனியை மூடினார்கள். பீப்பாய்கள் லாரியில் போயின, நெடியும் போயிற்று. அப்பா மட்டும் வாசற்படியிலேயே சாப்பிட்டார்.

இவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். "தூக்குங்கப்பா" என்று குழந்தையை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. பால் குடிக்கிற கொழந்தை."

அடுத்த வருஷம் இறந்துபோனார்.

பன்னீரைத் துணியில் பிழிந்த மகள், கையை என் முகத்தருகே நீட்டினாள்.

"மோந்து பாரும்மா. நாறுதா?"

இல்லை என்று சொல்லி, அந்தக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.