மேல்வீட்டுத் தண்ணீர்

முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவருக்கு, குடியிருப்பில் இன்றும் கண்டக்டரம்மா என்றுதான் பெயர். ஒருநாள் தன் பேருந்தில் ஏறிய சொந்தக் கணவரே டிக்கெட் எடுக்காமல் சிரித்து மழுப்பியபோது, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டவர். அந்த மனிதர் கடைசிவரை அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன் நடந்த முதல் கூட்டத்திலேயே சுவரைத் தட்டிக் காட்டினார்.

"சங்கத்து இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு மட்டும்தான். சுவர், கூரை, மாடிப்படி, லிஃப்ட். உள்ளே இருக்கற அலமாரி, கட்டில், உங்க குழாய் உடைஞ்சு கீழ்வீட்டுக்கு வர்ற நஷ்டம் எல்லாம் உங்க பாடு. வீட்டுக்கு வீடு தனியா பாலிசி எடுங்க."

நான்காம் மாடியில் இருக்கும் சம்பந்தி, அதாவது மகளின் மாமியார், வாய்விட்டுச் சிரித்தார். "சம்பந்தியம்மா இன்னும் பஸ்ஸைவிட்டு இறங்கலை! சொந்த வீட்டுல உட்கார்றதுக்கும் டிக்கெட் கேக்கறாங்க!" கூட்டமே கொல்லென்று சிரித்தது. கண்டக்டரம்மா மட்டும் அசரவில்லை. மறுவாரமே தன் வீட்டுக்கு ஒரு பாலிசி எடுத்துவிட்டார்.

போன திங்கட்கிழமை அதே சம்பந்தி வீட்டு வாஷிங் மெஷின் குழாய் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் மூன்றாம் மாடியில் கண்டக்டரம்மாவின் கூடத்துக்குள் ஒழுகியது. மர அலமாரி உப்பிப்போய்க் கதவு மூடவில்லை. இழப்பீட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். 'தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்ற இடத்தில் பேனா வைத்த நேரம், மகள் இறங்கி வந்தாள்.

"அம்மா, நம்ம குழாய்தான் உடைஞ்சதுன்னு எழுதிடேன். மேல்வீடுன்னு எழுதினா, உனக்குக் குடுத்த பணத்தைக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனி எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும். அத்தைகிட்ட பாலிசியும் கிடையாது. அப்புறம் நான் அந்த வீட்டுல எப்படிம்மா இருப்பேன்?"

கண்டக்டரம்மா பேனாவைப் படிவத்திலிருந்து எடுத்தார். பெற்ற மகள் வாழும் வீடு. ஆனால் தன் கணவரையே விட்டுவைக்காத கை, பொய் எழுத மாட்டேன் என்றது. 'மேல்வீடு' என்று எழுதினார். எழுதியதைச் சம்பந்திக்குத் தெரியாமல் அனுப்பவும் மனம் வரவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். மகள் பின்னாலேயே ஓடினாள்.

"சம்பந்தியம்மா, உங்க வீட்டுத் தண்ணின்னுதான் எழுதியிருக்கேன். கம்பெனிக்காரங்க வந்தா நானும் உங்க பக்கத்துல நின்னு பேசறேன். கோபம் இருந்தா என்மேல காட்டுங்க, இவமேல காட்டாதீங்க."

வாசலில் நின்ற சம்பந்தி உள்ளே போனார். பீரோவில் துணி அடுக்குக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்துவந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். உள்ளே வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி. எடுத்த தேதி, அந்தக் கூட்டத்துக்கு மறுநாள்.

"அத்தை!" என்று மகள் வாயைப் பிளந்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி சிரிச்சுட்டு, நீங்க சொன்னதுதான் சரின்னு எந்த மூஞ்சியோட வந்து சொல்வேன்? வருஷா வருஷம் என் பையனுக்குக்கூடத் தெரியாம புதுப்பிக்கறேன். தண்ணி ஒழுகின அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

கண்டக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா? தாள் தாளாகப் புரட்டினார். கீழ்வீட்டு நஷ்டமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்தார். இந்த வருடத்து ரசீதையும் பார்த்துவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

"டிக்கெட் சரியா இருக்கு. நீங்க உட்காரலாம்."

சம்பந்தி சிரித்துக்கொண்டே தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.