நோபால் சொன்னவர்

அவர் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். நோபால் என்றார்.

அது கடைசி ஓவரின் கடைசிப் பந்து. ஸ்டம்பு சாய்ந்து கிடந்தது. எங்கள் ஆட்கள் என்னைத் தூக்க ஓடி வந்தவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன். அடித்துவிட்டான். தோற்றோம்.

டெக்சாஸில் இர்விங் அபார்ட்மென்ட்டுகளில் இருந்த நாங்கள் ஒரு டீம். சம்பாதித்துக் காப்பெலில் வீடு வாங்கிப் போனவர்கள் ஒரு டீம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் டென்னிஸ் பந்து கிரிக்கெட். அம்பயர் என்று தனியாக யாரும் கிடையாது. பேட்டிங் பிடிக்கிற டீமில் அவுட் ஆன ஆள் வந்து நிற்பார். ஊரிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். நோபால் சொன்னவர் காப்பெல் டீமுக்குக் கேப்டன். ஏதோ கம்பெனியில் மேனேஜர். அவுட் ஆகி வந்து அம்பயராக நின்றிருந்தார்.

பௌலர் தாண்டக் கூடாத கோடு சுண்ணாம்பில் போட்டது இல்லை. காலையில் யாரோ ஷூவால் புல்லில் இழுத்தது. மத்தியானத்துக்குள் அழிந்துவிட்டது.

"எந்தக் கோடு சார்?" என்று கேட்டேன்.

"ரூல் புக்ல இருக்கு அண்ணாச்சி. படிச்சாத்தானே தெரியும்?"

காப்பெல் டீம் சிரித்தது. அப்புறம் எங்கள் டீமும் சிரித்தது. மரத்தடியில் என் மனைவி எல்லாருக்கும் எலுமிச்சை சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி போட ஆரம்பித்தாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். விருதுநகர் பக்கம். மனைவியின் அண்ணன் இர்விங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள வந்தேன். சுற்றி எல்லாரும் கம்ப்யூட்டர்காரர்கள். கடையில் நிற்பதால் நான் எல்லாருக்கும் அண்ணாச்சி. அதில் எனக்குக் குறை இல்லை. படிக்கவில்லை என்று சொன்னதிலும் பொய் இல்லை.

ஆனால் அந்தப் பந்து நல்ல பந்து.

இதே ஆட்கள் பார்க்க இந்த மனிதரை என் பந்தில் வெளியே அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆறிப்போகும்.

அதற்குள் கிரிக்கெட் நின்றுபோனது. புல் தேய்கிறது என்று பார்க்கில் போர்டு வைத்துவிட்டார்கள். பேஸ்பால் மைதானம் மட்டும் சும்மா கிடந்தது. கோடையில் நடக்கும் பிக்னிக்கில் இனிமேல் பேஸ்பால் ஆடலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். அவருக்கு அந்தப் பைத்தியம் ஏற்கெனவே பிடித்திருந்தது. வீட்டில் வீடியோ டேப் போட்டு, பந்து எறிகிற ஒவ்வொரு பிட்சரும் காலை எவ்வளவு தூரம் எட்டி வைக்கிறான் என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாராம். அதற்கு ஸ்ட்ரைடு என்று பெயர்.

கிரிக்கெட்டில் ஓடி வந்து போடலாம். இதில் ஓட முடியாது. நடுவில் ஒரு மண்மேடு. அதன் உச்சியில் வெள்ளை ரப்பர்ப் பலகை. அதில் பின்காலை ஊன்றி, முன்காலைத் தூக்கி, ஒரே எட்டு. அந்த எட்டிலேயே பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். குறியோடு வந்த மூன்று பந்தை அடிக்காமல் விட்டால் பேட்ஸ்மேன் அவுட்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் பழைய விக்கெட் கீப்பர் ஒருவர் இருந்தார். என் வயதுதான். எங்கிருந்தோ ஒரு கிளவுஸும் நிஜப் பந்தும் கொண்டு வந்தார். கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டி பக்கத்தில் அவர் குந்தி உட்காருவார். நான் எறிவேன். நான் காலை எட்டி வைக்கவில்லை. சும்மா முன்னால் வைத்தேன். பந்து தாழ்வாக, சொன்ன இடத்துக்குப் போனது. வேகம் இல்லை.

"மாப்ள, கொஞ்சம் நீட்டி வைய்யேன்," என்றார் கீப்பர்.

"வேண்டாம்."

"ஏன்?"

"பந்து மேல போகுது."

அதுவும் உண்மைதான். நீட்டினால் இடுப்பு பின்னாலேயே தங்கிவிடும். பந்து கீப்பர் தலைக்கு மேலே போய்ச் சுவரில் அடிக்கும்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் கடைக்கு வருவார். இட்லி மாவு, முருங்கைக்காய், ஊர் மிளகாய் வத்தல். வாங்கினோமா போனோமா என்று இருக்க மாட்டார். பருப்பு வைத்திருக்கும் வரிசையில் நின்று காலை எட்டி வைத்துக் காட்டுவார்.

"உயரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு எட்டணும். அப்பத்தான் உடம்பு வெயிட்டு மொத்தமும் பந்துல இறங்கும். அதோட பேட்ஸ்மேனுக்குக் கிட்டக்க போய் விடுறீங்க. அவனுக்குப் பாக்கவே நேரம் இருக்காது."

"குட்டையா வச்சா குறி தப்பாது சார்," என்றேன்.

"குறி தப்பாம மெதுவா போனா அவன் மாலை போட்டு வாங்கி அடிப்பான்."

"நீட்டினா மேல போகுதே."

"இடுப்பைத் திருப்ப மாட்டேங்கிறீங்க. அதான். காலை மட்டும் அனுப்பிட்டு உடம்பை வீட்லயே விட்டுட்டா?"

கடையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் குட்டை கட்சி. ஒருவர் நெட்டை கட்சி. ஒருவர் முருங்கைக்காயைத் தரையில் வரிசையாக வைத்து மேனேஜரின் எட்டை அளந்தார். ஒரு ஆன்ட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், உங்க வேகத்தை எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். காலை எடுத்தா நான் ரவை எடுத்துப்பேன்."

இப்படி வாராவாரம். ஒரு நாள் அவர் பின்பக்கம் வந்துவிட்டார். நான் எறிவதைக் கார் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. பிறகு கிட்டே வந்தார். என் முன்கால் விழுந்த இடத்தைத் தன் ஷூவால் தொட்டுக் காட்டினார்.

"அண்ணாச்சி, குறி, இடுப்பு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்க கால் இங்க வந்ததும் தன்னால நிக்குது. நோபால் ஆயிடும்னு பயப்படுது. இங்க கோடே கிடையாது. நீங்க எங்க வேணா போய் விழலாம்."

கீப்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளவுஸைப் பார்த்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சொன்னது சரி. அவர் நோபால் சொன்ன பிறகுதான் அந்தக் கால் அப்படி ஆனது. அந்தப் பயத்தை வைத்தவரே வந்து எடுத்துக் காட்டுகிறார். நோபால் சொன்னதே அவருக்கு நினைவில் இல்லை. அது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எனக்கு இதான் சௌகரியம் சார்," என்றேன்.

பிக்னிக் வந்தது. நல்ல வெயில். அதே மரத்தடி ஆட்கள், அதே டீம்கள். பாதிப் பேருக்கு விளையாட்டே புரியவில்லை. ஒருவர் பந்தைத் தட்டிவிட்டுப் பேட்டோடு ஓடினார், ஓடித் தொட வேண்டிய பேஸில் பேட்டை ஊன்றி நின்றார். இன்னொருவர் தட்டிவிட்டு ஓடவே இல்லை. இதில் ரன் இல்லை என்று அவராகவே முடிவு பண்ணி நின்றார். அவரை அவுட் என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் மண்மேட்டில் நின்றேன். மேனேஜர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார். குட்டையாகவே வைத்தேன். பந்து நேராக, தாழ்வாக, மெதுவாகப் போனது. காத்திருந்து அடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பேஸ்களைச் சுற்றி வரும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கேலி இல்லை. நல்ல பந்து என்று பாராட்டுகிறாராம். அது இன்னும் எரிந்தது.

திரும்ப அவர் முறை வந்தது. பேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணாச்சி, கோடு இல்ல! தாராளமா வாங்க!"

மரத்தடி முழுவதும் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. காலைத் தூக்கினேன். எங்கே வைக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. அது போய் எங்கேயோ விழுந்தது. இடுப்பு சுழன்றது. பந்து எப்போது கையை விட்டுப் போனது என்றே எனக்குத் தெரியாது. கிளவுஸில் விழுந்த சத்தம்தான் கேட்டது. கீப்பர் கையை உதறினார்.

மேனேஜர் பேட்டை அசைக்கவே இல்லை.

அடுத்ததும் அப்படியே. மூன்றாவதுக்குச் சுற்றினார். பந்து போன பிறகு சுற்றினார். சுற்றிய வேகத்தில் ஹெல்மெட் ஒரு பக்கமாகத் திரும்பி ஒரு கண்ணை மறைத்துவிட்டது. அவுட்.

இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் எழுந்து நின்று பார்த்தாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அவர் பேட்டைக் கீழே போட்டார். என்னை நோக்கி ஓடி வந்தார். கட்டிப் பிடித்தார்.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல! எல்லாரும் பாத்தீங்களாய்யா? நான் சொன்ன ஸ்ட்ரைடு! இடுப்பு எப்படித் திரும்புச்சு பாத்தீங்களா? நம்ம ஸ்டூடண்ட்!"

கை தட்டினார்கள். அவருக்குத் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு கடைக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். "சார்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாராமே அண்ணாச்சி?" என்று ரவை ஆன்ட்டி கேட்டார். கோயிலில் பிரசாத வரிசையில் கேட்டார்கள். ஒரு வீட்டில் சத்யநாராயண பூஜைக்குப் போனால் அங்கே மேனேஜர் காலை எட்டி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவுட் ஆனது அவர். ஆனாலும் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"நல்ல மனுஷன்தாங்க. தான் தோத்ததைக்கூடச் சந்தோஷமா சொல்றாரு," என்றாள் மனைவி.

"ரூல் புக் படிக்கலைன்னு சொன்னாரே. ஞாபகம் இருக்கா?"

"அது எப்பவோ சொன்னது. அவருக்கே ஞாபகம் இருக்காது."

"அதான்."



அடுத்த கோடை வரைக்கும் யோசித்தேன். நீட்டி வைத்தால் அவரை அவுட் ஆக்கலாம். அது முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அவுட்டும் அவருக்குத்தான் சேரும். எத்தனை தடவை ஆக்கினாலும் அவர் கணக்கில்தான் ஏறும். மறுபடி கட்டிப் பிடிப்பார். எனக்கு அது வேண்டாம்.

கடைக்குப் பின்னால் மறுபடி போனேன். கீப்பரைக் கூப்பிடவில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். குட்டையாக வைத்தேன். வேகம் வேண்டாம், குறிதான் வேண்டும்.

மறு வருஷம் பிக்னிக். மேனேஜர் வந்து நின்றார். வேகப் பந்து வரும் என்று அவரே எதிர்பார்த்தார். "இன்னிக்கு என்னை இன்னொரு தடவை தூக்கப் பாப்பீங்க, ஆனா விட மாட்டேன்!" என்றார் சிரித்துக்கொண்டே. வேகத்துக்காகச் சீக்கிரமாகவே பேட்டை எடுத்துவிட்டார். நான் காலைச் சும்மா முன்னால் வைத்தேன். பந்து மெதுவாகத்தான் போனது. அவர் ஏற்கெனவே பேட்டைப் பின்னால் இழுத்துத் திரும்பியிருந்தார். பின்பக்கம், இடுப்புக்குக் கீழே எலும்பு இருக்கிற இடத்தில் விழுந்தது. மெதுவாக வந்தாலும் அந்தப் பந்து கல்லு மாதிரி.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். ஐஸ் கொண்டு வந்தார்கள். கை தவறிவிட்டது என்று கீப்பர் எனக்காகச் சொன்னார். நான் மண்மேட்டிலேயே நின்றேன். பந்து உடம்பில் பட்டால் ஒரு பேஸ் சும்மா கொடுப்பார்களாம். நொண்டிக்கொண்டே போய் நின்றார். அங்கிருந்து கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, மறுபடி குட்டையா வச்சுட்டீங்க? நல்லாத்தானே வந்துச்சு போன தடவை?"

"எனக்கு இதான் சார் வரும்," என்றேன்.

மரத்தடியில் யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவர் மனைவி மட்டும் கடைக்கு வந்தார். மாவு எடுத்தார். கல் உப்பு இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒத்தடத்துக்கா?" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி. உக்காரவே முடியல அவருக்கு. ஆபீஸ்ல நின்னுக்கிட்டே வேலை பாக்குறாரு. ஒரே புலம்பல். சொல்லிக் கொடுத்தது எல்லாம் வீணாப் போச்சேன்னு."

கல் உப்பு எடுத்துப் பையில் வைத்தேன். பில் போட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது.